சிறுவனா, பெரியவனா? சட்டம் கேட்கும் வயது
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு ஓரிரவு, நம் மஹல்லாவைச் சேர்ந்த தாயொருவர் நிர்வாகிகளைத் தேடி வந்தார். கூட்டாளிகளோடு சென்ற தம் மகனை வழிப்பறி வழக்கில் காவல்துறையினர் அழைத்துச் சென்றுவிட்டதாகக் கூறினார். "பதினெட்டு ஆகவில்லையே, சிறுவர் கோர்ட்டோடு முடிந்துவிடும்தானே?" என்று கேட்டார். நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அது பாதிதான் சரி என்பதை வழக்கறிஞர் முன் அமர்ந்தபோதே அறிந்தோம்.

சிறுவர்க்கெனத் தனிச் சட்டம் நமக்குப் புதிதன்று. 1920-லேயே சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அதுவே முதலாவது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்பிள்ளைக்கு 16, பெண்பிள்ளைக்கு 18 என வகுத்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் 18 என்றாக்கியது. 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் நடந்த கொடுமையில் ஈடுபட்டோருள் ஒருவன் பதினெட்டை எட்டச் சில மாதங்களே இருந்தவன். அவனுக்குக் கிடைத்தது மூன்றாண்டு சிறப்பு இல்ல வாசம். நாடு கொதித்தது. அக்கொதிப்பில் பிறந்த 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், 2016 ஜனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது.

இதன்படி, 16 வயது நிரம்பிய ஒருவன்மீது கொடுங்குற்றம், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டாக உள்ள குற்றம், சாட்டப்பட்டால் இளைஞர் நீதிக் குழுமம் முதனிலை மதிப்பீடு செய்யவேண்டும். நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் கொண்டது அக்குழுமம். குற்றம் செய்ய அவனுக்கு உடலும் உள்ளமும் இடங்கொடுத்தனவா, விளைவை உணர்ந்தானா, எச்சூழலில் செய்ததாகக் கூறப்படுகிறது என்பவற்றை மூன்று மாதத்திற்குள் ஆராய வேண்டும். அதன்பின் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்திற்கு மாற்றலாம். அங்கே பெரியவனைப்போல் விசாரிக்கப்படலாம். மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியற்ற ஆயுள் தண்டனையோ விதிக்க இயலாது. ஆயினும் 21 வயதுவரை பாதுகாப்பு இடம், திருந்தவில்லை எனக் கருதப்பட்டால் அதன்பின் சிறை. ஏனைய சிறுவர்களுக்குத் தண்டனையால் வேலைவாய்ப்புக்குத் தகுதியிழப்பு நேராதென்ற காப்பும் இவனுக்கு இல்லை.

செயல் நடந்த கணத்தில் ஒரு பிள்ளையின் உள்ளம் எவ்வாறிருந்தது என்பதைப் பல வாரங்கள் கழித்து, சில அமர்வுகளில் எவ்வாறு அளப்பது? மனநல வல்லுநரின் துணையின்றி இதைச் செய்யலாகாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே கூறியது. இம்மாற்றம் மிக அரிதாகவே நிகழவேண்டும் என்பது எங்கள் கருத்து. வழிப்பறிக்கு ஆளானவரும் உழைத்துப் பிழைப்பவரே. அவருக்கு நீதி வேண்டாம் என நாங்கள் சொல்லவில்லை.

வெறும் வழிப்பறிக்குப் பத்தாண்டுவரை தண்டனை உண்டெனினும் குறைந்தபட்ச வரம்பு இல்லை. அத்தகைய குற்றம் கொடுங்குற்றமாகாது என 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தியிருந்தால் குறைந்தது ஏழாண்டு. ஆகவே, கத்தி யார் கையில் இருந்தது என்ற ஒற்றைக் கேள்வியில் அப்பிள்ளையின் வழி பிரிகிறது.

அதைவிட எங்களை உலுக்கியது வயது. நகராட்சிப் பிறப்புச் சான்றிதழின்படி சம்பவ நாளில் அவனுக்கு 15 வயது 9 மாதம். பதினாறு நிரம்பாதவனைப் பெரியவனாக விசாரிக்க வழியே இல்லை. ஆனால் ஓராண்டு முன்னதாகப் பள்ளியில் சேர்க்க, பெற்றோர் அன்று ஆறு மாதம் கூட்டிச் சொல்லியிருந்தனர். நம்மில் எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கிறது! சட்டமோ பள்ளி தரும் பிறந்தநாள் சான்றையே முதலில் பார்க்கிறது; அது இல்லாதபோதே நகராட்சிச் சான்று, இரண்டும் இல்லாதபோதே மருத்துவச் சோதனை. அந்த ஆறு மாதத்திற்காகவே இப்போது வழக்கறிஞர் வாதாடிக்கொண்டிருக்கிறார்.

பிள்ளையைக் காவல் நிலையப் பூட்டறையிலோ சிறையிலோ வைக்கக்கூடாது. 24 மணி நேரத்திற்குள் குழுமத்தின் முன் நிறுத்தவேண்டும். பிணை வழங்குவதே பொதுவிதி. வசதியற்றோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பார். பள்ளியில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழில் உள்ள நாளையே எழுதுங்கள். சான்றிதழ் பெறாதோர் ஜமாஅத் அலுவலகத்திற்கு வாருங்கள். விண்ணப்பம் எழுதித் தருகிறோம்.

அப்பிள்ளை பிணையில் வீட்டில் இருக்கிறான். அடுத்த மாதம் குழுமத்தின் முன் மீண்டும் நிற்கவேண்டும்.