கறிவேப்பிலையில் ஒரு பெயர்

நல்லூர்ப் பள்ளியொன்றில் நான் தாவர நூல் கற்பித்த நாளில், கறிவேப்பிலையின் அறிவியற் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். அப்பெயரின் பிற்பகுதி ‘கோனிகியை’ என்பது. ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, கோனிகியை என்றால் என்ன?” என்று வினவினான். “அது பெயர், மனப்பாடம் செய்” என்று அவனை அமரச் செய்தேன். உண்மையில் எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல நாணினேன். அன்று தரத் தவறிய விடையை இன்று உங்களுக்குத் தருகிறேன்.

அது ஒரு மனிதரின் பெயர். ஜோஹன் கெர்ஹார்ட் கோனிக் என்பார் பால்டிக் கடலையடுத்த லிவோனியா நாட்டில் 1728-ஆம் ஆண்டு பிறந்த ஜெர்மானியர். சுவீடனில் உப்சாலாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லின்னேயஸிடம் பயின்றவர். ஒவ்வோர் உயிர்வகைக்கும் பேரினப் பெயர் ஒன்று, சிற்றினப் பெயர் ஒன்று என இரு பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் அந்த லின்னேயஸே.

1768-இல் கோனிக், டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். மருத்துவம் அவருக்குப் பிழைப்பு. செடி கொடிகளைத் தேடுவதே வேட்கை. கிடைத்தவற்றைத் தம் ஆசிரியருக்கு அனுப்பினார். 1771-இல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்குத் தம் மாணவரின் பெயரைச் சூட்டினார். பின்னாளில் அறிஞர் அதன் பேரினப் பெயரை மாற்றினர். ‘கோனிகியை’ மட்டும் மாறவில்லை.

கறிவேப்பிலையைக் கோனிக் கண்டுபிடித்தாரா? இல்லை. நம் அன்னையர் அதை நெடுங்காலமாக அறிவர். எந்நாட்டு அறிஞரும் ஐயமின்றி அறியுமாறு உலகப் பதிவேட்டில் அதற்கோர் இடம் கிடைத்ததே அக்காலத்தில் நிகழ்ந்த புதுமை.

செடிகளோடு அவர் நின்றாரல்லர். தஞ்சைப் பகுதியில் கறையான் புற்றுகளை ஆராய்ந்து 1779-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புற்றில் இரு துளையிட்டு, ஒருபுறம் புகை மூட்டி, மறுபுறம் பானை வைத்து மக்கள் ஈசல் பிடிப்பதையும், அதை மாவோடு சேர்த்து உண்பதையும் அதில் குறித்தார். நாம் வேடிக்கை பார்த்துக் கடந்துபோகும் ஈசலை அவர் நின்று நோக்கினார்; கேட்டறிந்தார்; எழுதிவைத்தார்.

1774-இல் ஆர்க்காட்டு நவாபிடமும், 1778-இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கை ஆய்வாளராகப் பணியேற்றார். சயாம், மலாக்கா வரை பயணம் செய்தார். 1785-இல் காக்கிநாடாவுக்கு அருகே காலமானார். அவருடைய குறிப்புகளில் பெரும்பகுதி அப்போது அச்சேறவில்லை. அவை லண்டனில் ஜோசப் பேங்க்ஸ் என்னும் அறிஞரைச் சென்றடைந்தன.

எனினும் அவர் உழைப்பு வீணாகவில்லை. காரணம், அவர் அறிவைப் பூட்டி வைக்கவில்லை. தரங்கம்பாடியில் நண்பர்கள் செடிகளைத் திரட்டி, கூடி ஆராய்ந்து பெயரிட்டனர். அவ்வட்டத்தில் பழகிய ராட்லர் பாதிரியார் சிறந்த தாவர அறிஞரானதோடு, பின்னர்த் தமிழ்–ஆங்கில அகராதியும் தொகுத்தார். கோனிக்கின் இறுதி நாட்களில் உடனிருந்த ராக்ஸ்பரோ, 1793 முதல் கல்கத்தா தாவரத் தோட்டத்தை நடத்தி இந்தியத் தாவர நூலுக்கு அடித்தளமிட்டார்.

மாணவர்களே, நொய்யற்கரையிலும், நம்மூர்ப் பனியன் ஆலைகளின் வேலியோரத்திலும் எத்தனையோ செடிகள் வளர்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை அவற்றுள் ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். இலையை வரையுங்கள், பூக்கும் மாதத்தைக் குறியுங்கள், ஊர்ப் பெரியோரிடம் பெயர் கேளுங்கள். பிறகு அக்குறிப்பை உங்கள் ஆசிரியரிடம் காட்டி வினவுங்கள். அவருக்கு விடை தெரியாவிட்டால், இருவரும் சேர்ந்து தேடுங்கள். அன்று அந்த மாணவனோடு நான் செய்திருக்க வேண்டியது அதுவே.