உறையில் வரும் காய்கறிச் சூப்பு



கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நம் இல்லங்களில், தனித்து வாழும் முதியோர் சிலர் மாலை உணவாக உறைச் சூப்பையே நாடுகின்றனர். ‘நனிசைவம்’ என்ற குறி இருந்தால் போதும் என்றும் எண்ணுகின்றனர். பாலும் தேனும் உட்பட உயிரினங்களிடமிருந்து பெற்ற பொருள் எதுவும் இல்லை என்பதே அக்குறியின் பொருள். உடலுக்கு உரம் தரும் என்பதன்று. வெங்காயப் பொடியையும் பூண்டுப் பொடியையும் அக்குறி தடுப்பதில்லை.

உறையின் பின்புறத்தைப் படியுங்கள். (எழுத்து மிக நுண்ணியது, கண்ணாடி வேண்டும்.) சேர்பொருள்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக இருக்கும். சூப்புத் தூள்கள் பலவற்றில் மக்காச்சோள மாவும் சர்க்கரையும் உப்பும் முன்னே நிற்க, உலர்காய்கள் பின்னே வருகின்றன. புரதமோ மிகக் குறைவு. சோடியத்தின் அளவை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிட்டும். 800 மில்லிகிராம் சோடியம் என்பது 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராமுக்குக் குறைவாக உண்ணுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரத்த அழுத்தம் உடையோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

30 கிராம் பாசிப்பருப்பில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உண்டு. அதனைச் சுரைக்காயுடன் வேகவைத்து, மிளகும் சீரகமும் தூவினால் அரைமணியில் சூப்பு ஆயத்தம். உறையை விட இயலாதவர்கள், வெந்த பருப்பையேனும் மசித்து அதில் கலந்து பருகுக.