சீட் பெல்ட்டை இழுத்துப் பாத்தியா?

பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கி நான் மாட்டிக்கிட்ட கதையைச் சொல்றேன்னு போன எபிசோடுல சொல்லியிருந்தேன். ‘எந்த கம்பெனி, எந்த டீலர்?’னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. பேர் சொல்ல மாட்டேன், கேஸ் நடந்துட்டு இருக்கு. மத்த எல்லாத்தையும் சொல்றேன்.

2024 அக்டோபர். எனக்கு வீடு தாம்பரம், வேலை சிறுசேரி. போக வர ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பெட்ரோலுக்குக் கொடுத்துக் கொடுத்து வெறுத்துப் போய், எலெக்ட்ரிக்குக்கு மாறிடலாம்னு முடிவு பண்ணேன். புது வண்டி பட்ஜெட்டுக்குள்ள வரல. மூணு வருஷம் ஓடின ஒரு வண்டி கிடைச்சுது. 38,000 கிலோமீட்டர், 7,80,000 ரூபாய். அதுல 3 லட்சம் அப்பா கொடுத்தது, அவரோட ரிட்டையர்மென்ட் பணத்துல இருந்து.

அப்பா அரசு பஸ் டிப்போவுல முப்பது வருஷம் மெக்கானிக்கா இருந்தவர். இப்ப திண்டிவனத்துல இருக்கார். "நான் ஒரு தடவை வந்து வண்டியைப் பாக்கட்டுமாடா?"ன்னு போன்ல கேட்டார். நான் சிரிச்சிட்டே, "அப்பா, இதுல இன்ஜினே கிடையாது. நீங்க வந்து என்னத்தைப் பாக்கப் போறீங்க?"ன்னு சொல்லிட்டேன். அவர் "சரிப்பா"ன்னு வச்சிட்டார். அந்த "சரிப்பா" இன்னும் காதுல கேக்குது.

நான் பாக்காம வாங்கல. பெயின்ட் பாத்தேன், டயர் பாத்தேன், ஏசி போட்டுப் பாத்தேன், வேளச்சேரி பக்கம் அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தேன். ஃபுல் சார்ஜ்ல 220 கிலோமீட்டர்னு டிஸ்ப்ளே காட்டுச்சு. வாட்ஸ்அப்ல டீலர்கிட்ட ‘ஆக்சிடென்ட், வெள்ளம் ஏதாவது?’னு கேட்டேன். ‘நோ ஆக்சிடென்ட், நோ ஃப்ளட் சார், ஒன் ஹேண்ட் யூஸ்’னு பதில் வந்துச்சு. இந்த மெசேஜை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

முதல் மூணு மாசம் வண்டி தங்கம். ஆபீஸ் போவேன், வருவேன், ராத்திரி சார்ஜ் போடுவேன். பேட்டரி 70 சதவீதத்துக்குக் கீழ இறங்கினதே இல்ல. பிரச்சினை தெரியாமப் போனதுக்குக் காரணமே அதுதான். மேல இருக்கற முப்பது சதவீதத்துலயே ஓட்டிட்டு இருந்தா, கீழ என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினோம். நான், மனைவி, நாலு வயசுப் பொண்ணு. தாம்பரத்துல இருந்து திண்டிவனம் நூறு கிலோமீட்டருக்குள்ளதான். நூறு சதவீதம் சார்ஜ். சாயங்காலம் கிளம்பி, ஜிஎஸ்டி ரோட்டு டிராஃபிக்ல நீந்தி, மேல்மருவத்தூர் தாண்டும்போது 41 சதவீதம் காட்டுது. அடுத்த மூணு நிமிஷத்துல 41, 29, 12. நம்பர் லிஃப்ட்ல இறங்கற மாதிரி இறங்குது. ஆமை படம் ஒண்ணு வந்துச்சு, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் ஸ்பீடு ஏறல. அச்சரப்பாக்கத்துக்கு முன்னாடி ரோட்டோரமா ஒதுக்குனேன். அதோட சரி. பக்கத்துல லாரி போறப்பல்லாம் வண்டி ஆடுது, பின் சீட்ல குழந்தை அழுது.

கம்பெனி உதவி நம்பருக்கு அடிச்சேன், டோ வண்டி வர ரெண்டு மணி நேரம்னாங்க. அப்பாவுக்கும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில, கையில டார்ச்சோட அவர் வந்துட்டார். முதல்ல பேத்தியைத் தூக்கி அந்த வண்டியில உக்கார வச்சார். அப்புறம் என் காரைச் சுத்தி ஒரு ரவுண்டு. போனட்டைக்கூட திறக்கல. டிரைவர் சீட் பெல்ட்டைப் புடிச்சு, கடைசி வரைக்கும் வெளிய இழுத்தார். டார்ச் அடிச்சார்.

வழக்கமா வெளிய தெரியற பகுதி கறுப்பா பளிச்சுன்னு இருக்கு. உள்ள சுருண்டிருக்கற கடைசி ரெண்டு அடி பழுப்பு நிறம், ஓரத்துல காய்ஞ்ச சேறு.

"சீட் பெல்ட்டை இழுத்துப் பாத்தியா?"ன்னு கேட்டார்.

"இல்லப்பா."

"தண்ணி வண்டிப்பா இது."

அவ்வளவுதான் சொன்னார். நான் சொன்ன இன்ஜின் டயலாக்கை அன்னைக்கும் எடுக்கல, இன்னைக்கு வரைக்கும் எடுக்கல. திட்டியிருந்தாக்கூட பரவாயில்லன்னு இருந்துச்சு.

அப்புறம் சர்வீஸ் சென்டர். ஓனர்ங்கற முறையில வண்டியோட பழைய ஹிஸ்டரி கேட்டேன், கொடுத்தாங்க. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் எல்லாம் மூழ்கிக் கிடந்துச்சே, அந்த வாரத்துல இந்த வண்டி டோ ஆகி வந்திருக்கு. ‘கேபினுக்குள் தண்ணீர்’னு எழுதியிருக்கு. சார்ஜரை மாத்தியிருக்காங்க, வயரிங் மாத்தியிருக்காங்க. பேட்டரி அப்ப வேலை செஞ்சதால அப்படியே விட்டுட்டாங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். எலெக்ட்ரிக் கார் பேட்டரிக்கு ஐபி67-னு ஒரு ரேட்டிங் போடுவாங்க. ‘தண்ணி போகாது’ன்னு விளம்பரத்துல வரும். அதுக்கு அர்த்தம், ஒரு மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் வச்சு டெஸ்ட் பண்ணியிருக்காங்கங்கறதுதான். சாக்கடை கலந்த வெள்ளத்துல ரெண்டு நாள் நின்னா என்ன ஆகும்னு அந்த ரேட்டிங் எதுவும் சொல்லல. உள்ள போன ஈரம் உடனே கொல்லாது. கனெக்டர் மெதுவா துருப்பிடிக்கும், மாசக்கணக்குல.

ஒரு கல்யாண வீட்டுல பத்து பேர் சேர்ந்து பெரிய சாம்பார் அண்டாவைத் தூக்கிட்டு வர்றாங்கன்னு வச்சுக்குங்க. ஒருத்தருக்குக் கை தளர்ந்தா, மீதி ஒன்பது பேருக்குத் தெம்பு இருந்தாலும் அண்டாவைக் கீழ வச்சுத்தான் ஆகணும். பேட்டரியும் அப்படித்தான். வரிசையா கோத்த செல்கள்ல ஒண்ணு ரெண்டு சீக்கிரம் காலியானா, மொத்த பேட்டரியையும் சிஸ்டம் நிறுத்திடும். என் வண்டியில நடந்தது அதுதான். பேட்டரியோட ஆரோக்கியம், அதாவது ஸ்டேட் ஆஃப் ஹெல்த், 81 சதவீதம்னுதான் ரிப்போர்ட்ல இருந்துச்சு. கேட்டா நல்ல மார்க். ஆனா செல்களுக்கு நடுவுல இருந்த வோல்டேஜ் வித்தியாசத்தைப் பாத்து டெக்னீஷியனே உதட்டைப் பிதுக்கினார். அதனால அந்த ஒரு நம்பரை மட்டும் வாங்கிட்டுத் திருப்தியாகிடாதீங்க, செல் வோல்டேஜ் வித்தியாசத்தையும் கேளுங்க. முடிஞ்சா ஃபுல் சார்ஜ்ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு அட்வான்ஸ் கொடுங்க. அதுக்கு ஒத்துக்காத டீலரை நான் இனிமே நம்ப மாட்டேன்.

வாரன்டி இருக்கேன்னு கேப்பீங்க. 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர்னு இருந்துச்சு. ஆனா வெள்ளத்தால வந்த சேதம் அதுல வராது. கை விரிச்சுட்டாங்க. புது பேட்டரிக்குச் சொன்ன விலைக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம்.

இதுல என்னை ரொம்பக் கடுப்பேத்தினது வேற ஒண்ணு. ஆதாரம் என் கையிலயேதான் இருந்திருக்கு. வண்டியோட டீலர் கொடுத்த இன்ஷூரன்ஸ் பேப்பர்ல ‘நோ கிளெய்ம் போனஸ்: 0’ன்னு இருந்துச்சு. 2021 செப்டம்பர்ல வாங்கின வண்டி. கிளெய்மே பண்ணலன்னா முதல் வருஷம் முடிஞ்சதும் 20 சதவீதம், அடுத்து 25, அடுத்து 35-னு அந்த போனஸ் ஏறணும். 2024 செப்டம்பர் ரென்யூவல்ல சைபர்னா, முந்தின வருஷம் கிளெய்ம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். பாலிசியை லேட்டா ரென்யூ பண்ணாலும் சைபர் ஆகும், இருந்தாலும் ‘ஏன்’னு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பிடிஎஃப்ஐ டிரைவ்ல போட்டுட்டு மறந்துட்டேன்.

டீலர்கிட்ட போனேன். டெலிவரி பேப்பர்ல பொடி எழுத்துல இருந்த ‘ஆஸ் இஸ் வேர் இஸ்’ங்கற வரியைக் காட்டினார். உள்ளது உள்ளபடி வாங்கிட்டீங்களாம். எழுந்து வந்துட்டேன். அதே வாரம் ஒரு புரோக்கர் கூப்பிட்டார். "சார், ஆறு லட்சத்துக்குத் தள்ளிடலாம். சிட்டிக்குள்ள ஓட்டற பார்ட்டியா பாத்துக் கொடுத்துடறேன், நீங்க எதுவும் பேச வேணாம்."

உண்மையைச் சொல்றேன், நான் சரின்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை ஒரு பையன் வந்தான். 26, 27 வயசு இருக்கும், முதல் கார். நான் பாத்த மாதிரியே பெயின்ட் பாத்தான், டயர் பாத்தான். "அண்ணா, வண்டி எப்படிண்ணா?"ன்னு கேட்டான். எதிர்ல புரோக்கர் கண்ணைக் காட்டறார். ‘ஒரு பிரச்சினையும் இல்ல தம்பி’ன்னு சொல்ல வாயெடுத்தேன், வரல. போய் பெல்ட்டை இழுத்துக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு, "தேங்க்ஸ்ண்ணா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். புரோக்கர் அப்புறம் என் போனையே எடுக்கல.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட்டிருக்கேன். ஃபீஸ் எவ்வளவு தெரியுமா? 5 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்கும் கொடுத்து வாங்கின பொருளுக்கு 200 ரூபாய். ஆன்லைன்லயே போடலாம், நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், பிரச்சினை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வக்கீல் எல்லா பேப்பரையும் புரட்டிட்டு, கடைசியா அந்த ‘நோ ஃப்ளட்’ வாட்ஸ்அப் மெசேஜைப் பாத்துதான் நிமிர்ந்து உக்காந்தார். போன்ல வாய்வார்த்தையா கேட்டிருந்தேன்னா அதுவும் போயிருக்கும்.

வண்டி இப்ப ஒரு திறந்த வெளி பார்க்கிங்ல நிக்குது. அடிபட்ட பேட்டரியை வீட்டுக்குள்ள வச்சு சார்ஜ் போடாதீங்கன்னு சர்வீஸ்ல கண்டிப்பா சொல்லிட்டாங்க. நான் மறுபடி டிரெயின், ஷேர் ஆட்டோ. அப்பாவுக்கு மாசம் பத்தாயிரம் அனுப்பறேன். வேணாம்னு சொல்லல, வந்துச்சுன்னும் சொல்லல.

அடுத்த வாய்தா அடுத்த மாசம். அப்பாவும் வர்றாராம். வண்டியைப் பாக்க ஆணையத்துல இருந்து யாராவது வந்தாங்கன்னா, பெல்ட்டை அவர்தான் இழுத்துக் காட்டுவாராம்.