நத்தாரும் வெண்பனியும்

(நூற்றாண்டு ஆண்டின் மார்கழி ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்கழி எங்களுக்கு எப்போதும் இரட்டை மாதமாகவே இருந்து வந்திருக்கிறது. ஊரிலே விடியற்புறத்தில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை. கல்லூரியிலே மூன்றாம் தவணை முடியுமுன் ஒளிவிழா. பாலன் குடிலுக்கு வைக்கோல் கொண்டுவந்தவர்களில் பாதிப் பேர் சைவப் பிள்ளைகள். சவுக்கங் கொப்பை வாளிக்குள் நட்டு, அதற்குப் பஞ்சு ஒட்டுவது எந்த வகுப்பில் படித்தவர்களுக்கும் தெரிந்த வேலை. வெளியே மாரி மழை கொட்டும். மேடையிலோ பஞ்சினால் வெண்பனி பெய்யும். அப்போது அது எங்களுக்கு வினோதமாகப் படவில்லை. நத்தார் என்றால் வெண்பனி, அவ்வளவுதான்.

நத்தாருக்கு வெண்பனி உண்மையில் எங்கே பெய்கிறது, எங்கே பெய்வதில்லை என்று இன்று கொஞ்சம் பார்ப்போம். வைத்தியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். சற்றுப் பொறுத்தருளுங்கள், அந்த இடத்துக்கும் வருவோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். எமது முன்னோர் ஆண்டை ஆறு பருவமாக வகுத்தபோது மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்றார்கள். அந்தப் பனி, புல்லின் நுனியில் நிற்கும் பனி. விடிய எழும்பிப் போனால் தலையை நனைக்கும் பனி. "பனிக்குள்ள திரியாதேங்கோ, தடிமன் பிடிக்கும்" என்று அம்மாமார் சொன்னதும் இந்தப் பனியைத்தான். வானத்திலிருந்து வெள்ளையாக விழுந்து நிலத்தை மூடுவதற்கு எங்களிடம் தனிச் சொல் இருக்கவில்லை. இருக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அதனால்தான் வெளிநாட்டிலுள்ள எங்கள் ஆட்கள் தமிழ் பேசும்போதும் "ஸ்நோ கொட்டுது" என்றே சொல்கிறார்கள்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் ஆண்டு முழுவதும் வெண்பனி நிலைக்க ஏறத்தாழ 5000 மீற்றர் உயரம் வேண்டும். கிளிமஞ்சாரோ 5895 மீற்றர்; அதன் உச்சியில் வெண்பனி இருக்கிறது. எங்கள் பீதுருதாலகால மலை 2524 மீற்றர்தான். நுவரெலியாவில் சில ஆண்டுகளில் மாரி கழிந்த தெளிந்த இரவுகளில் துகள் உறைபனி படிகிறது. பார்க்கப் போகிறவர்கள் படம் எடுத்து மகிழ்கிறார்கள். தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் கருகியதைக் கண்டு தோட்டக்காரர் கவலைப்படுகிறார்கள். அது நிலத்திலேயே உண்டாகும் உறைபனி. வானத்திலிருந்து பெய்வதல்ல.

பெத்லகேமிலாவது வெண்பனி உண்டா? அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 775 மீற்றர் உயரத்திலுள்ள குன்றுப் பகுதி. அங்கே டிசெம்பர் எங்களைப் போலவே மழைக்காலம். குளிர் உண்டு, வெண்பனி எப்போதாவது ஒரு முறை வரும். 2013 டிசெம்பர் நடுப்பகுதியில் எருசலேமிலும் சுற்றுவட்டாரத்திலும் கடும் பனி பெய்தபோது அது உலகச் செய்தியாயிற்று. வழமையாக நடப்பது உலகச் செய்தியாவதில்லை.

அப்படியானால் எங்கள் ஒளிவிழா மேடைக்கு வெண்பனி வந்த வழி எது? பெரும்பங்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மாரி மிகவும் கடுமையாக இருந்தது. 1814இல் லண்டனில் தேம்ஸ் நதி உறைந்து, அதன்மேல் சந்தை போட்டார்கள். அதற்குப் பிறகு அப்படியொரு உறைபனிச் சந்தை அங்கே நடக்கவில்லை. 1812இல் பிறந்த சார்ள்ஸ் டிக்கன்ஸ் சிறுவனாக வளர்ந்தது அந்தக் குளிர் ஆண்டுகளில். 1843இல் அவர் எழுதிய நத்தார்க் கதை உலகெங்கும் பரவியபோது, அவருடைய சிறுவயது மாரியும் அதனோடு சேர்ந்து பரவியது என்று சொல்வார்கள்.

அதே 1843இல்தான் விற்பனைக்கென அச்சிட்ட முதல் நத்தார் வாழ்த்து அட்டையும் வெளிவந்தது. ஹென்றி கோல் என்பவர் கேட்க, ஜோன் ஹோர்ஸ்லி வரைந்தார். அந்த அட்டையில் வெண்பனியே இல்லை. நடுவில் ஒரு குடும்பம் விருந்துண்கிறது. இரு பக்கங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கும் காட்சி. வெண்பனியும் குருவியும் பின்னால் வந்த அட்டைகளில் ஏறியவை. அவை ஏற ஏற, பக்கத்தில் நின்ற அந்த ஏழைகள் மெல்ல மெல்ல அட்டையை விட்டுப் போய்விட்டார்கள்.

இன்றைய இங்கிலாந்திலும் நத்தார் வெண்பனி நிச்சயமில்லை. பிரித்தானிய வானிலை நிலையம் வைத்திருக்கும் அளவுகோலின்படி, டிசெம்பர் 25ஆம் திகதியின் 24 மணித்தியாலத்தில் நாட்டில் எங்காவது ஒரே ஒரு பனித்துகள் விழக் கண்டாலும் அது வெள்ளை நத்தார்தான். நிலம் மூடவேண்டும் என்றில்லை. நிலமும் பரவலாக வெளுத்தது 2010இல். அன்று 83 சதவீதமான அவதானிப்பு நிலையங்களில் நிலத்தில் பனி கிடந்தது. அப்படியொரு நத்தார் அங்கே மிக அபூர்வம். அந்த நாட்டில் மார்ச் மாதத்தில்கூட டிசெம்பரைவிடக் கூடுதலாக வெண்பனி பெய்யும். 1752இல் நாட்காட்டியைத் திருத்தி 11 நாட்களை நீக்கினார்கள். அதனால் நத்தாரும் 11 நாட்கள் முந்தி, குளிர் முற்றுவதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

கனடாவில் விதி இறுக்கமானது. 25ஆம் திகதி காலை 7 மணிக்கு நிலத்தில் 2 சென்ரிமீற்றர் பனி இருக்கவேண்டும். வினிப்பெக் போன்ற நகரங்களில் அது ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் கிடைக்கிறது. வன்கூவரில் அபூர்வம். எங்கள் சகோதரிகள் கூடுதலாக வாழும் ரொறன்ரோவிலோ சில ஆண்டுகளில் உண்டு, சில ஆண்டுகளில் வெறும் ஈரப் புல்தான். "அங்கை ஸ்நோவோ?" என்று இங்கிருந்து கேட்டால், "இல்லையடி, மழை பெய்யுது" என்று பதில் வருவது இதனால்தான்.

தெற்கே போனால் படம் தலைகீழ். அவுஸ்திரேலியாவில் நத்தார் நடுக்கோடையில் வருகிறது. காட்டுத்தீ பற்றும் காலமும் அதுதான். ஆனாலும் 2006 நத்தார் தினத்தன்று விக்ரோறியா மாநில மலைகளில் வெண்பனி பெய்து எல்லோரையும் வியக்க வைத்தது. நியூசிலாந்தில் பொகுத்துக்காவா மரம் டிசெம்பரில் சிவப்பாகப் பூக்கும். அதையே அவர்கள் நத்தார் மரம் என்கிறார்கள். பிலிப்பைன்ஸ் மக்கள் மூங்கிலும் கடதாசியும் கொண்டு நட்சத்திர விளக்குக் கட்டி, விடியுமுன் பூசைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு அந்த மாதத்துக் குளிர்ச்சியைக் கொண்டுவருவதும் எங்களுக்கு வாடைக்காற்றைக் கொண்டுவரும் அதே வடகீழ்ப் பருவக்காற்றுத்தான். எதியோப்பியர் ஜனவரி 7ஆம் திகதி கொண்டாடுகிறார்கள். இன்று உலகக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் ஆபிரிக்காவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் ஆசியாவிலும் வாழ்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் வெண்பனியைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள்.

இனி, வைத்தியருக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு வருவோம்.

எங்கள் வகுப்பினர் ஆசைப்பட்டு வெண்பனி நாடுகளுக்குப் போகவில்லை. 1990களில் மின்சாரமில்லாத நத்தார்களை ஜாம் போத்தல் விளக்கில் கொண்டாடியவர்கள் நாங்கள். 1995 ஐப்பசி முடிவில் ஊரோடு இடம்பெயர்ந்த பிறகு, ஒரே வாங்கில் இருந்தவர்கள் ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ, மெல்பேர்ண் என்று சிதறிப்போனோம். அவர்கள் அனுப்பும் படங்களில் வெண்பனி அழகாகத்தான் இருக்கிறது. படத்தில் வராதவற்றைத் தொலைபேசியில் கேட்கிறோம்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென்று போன அம்மாமார், கார்த்திகையில் சாத்திய கதவைச் சித்திரையில்தான் திறக்கிறார்கள். எங்களைப் போன்ற கருந்தோலுக்கு, அந்நாட்டு மாரி வெயிலிலிருந்து விற்றமின் டி அநேகமாகக் கிடைப்பதே இல்லை. உடம்பு உளைவு, கதிரையிலிருந்து எழும்பக் கஷ்டம், படியேறக் கஷ்டம் என்று சொன்னால், "வயது போனால் அப்படித்தான்" என்று நாங்கள் விட்டுவிடக்கூடாது. பிரித்தானியாவில் இலையுதிர் காலத்திலும் மாரியிலும் எல்லோரும் நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம் விற்றமின் டி எடுப்பதைப் பற்றி யோசிக்கும்படியும், கருந்தோல் உடையவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கும்படியும் சுகாதாரத் துறை சொல்கிறது. வைத்தியரைக் கேட்டு எடுக்கலாம். பனிக்கட்டியில் வழுக்கிக் கையூன்றி விழுந்தால் முறிவது மணிக்கட்டு. நோர்வேயின் வட கோடியில் மீன் பதனிடும் வேலைக்குப் போன எங்கள் ஆட்களுக்கு, கார்த்திகைக் கடைசியிலிருந்து தை நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. அந்த இருளில் வரும் மனச்சோர்வு சோம்பல் அல்ல, சிகிச்சை உள்ள வருத்தம். 2013 நத்தாருக்குச் சில நாட்கள் முன்பு ரொறன்ரோவில் உறைமழை பெய்து இலட்சக்கணக்கானோர் மின்சாரம் இழந்தார்கள். குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டியவர்களைக் காபன் மோனொக்சைட்டு நச்சுவாயு தாக்கியது. அந்த வாயுவுக்கு மணமில்லை.

இங்கே எங்கள் பக்கமும் அட்டையில் வராத கதைதான். எங்கள் மார்கழி மழையும் காற்றும் கடலும் சேர்ந்தது. 1964 டிசெம்பர் 22ஆம் திகதி வட இலங்கையைத் தாக்கிய புயல், அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. 2004இல் நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் எங்கள் கரைக்கு ஏறி வந்ததை இந்த மண்டபத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அந்தக் காலையில் நாம் இழந்தவர்களுக்காகச் சற்று மௌனமாக இருப்போம்.

ஆண்டுதோறும் வருவது வேறு. வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழையோடு டெங்கு ஏறுகிறது. நத்தார்ப் பலகாரம் செய்த சிரட்டை, தயிர்ச் சட்டி, யோகட் கோப்பை எல்லாம் முற்றத்தில் மழை நீர் ஏந்திக் கிடந்தால் நுளம்புக்கு அதுவே தொட்டில். டெங்குக் காய்ச்சல் விட்டவுடன் பிள்ளை சுகமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். ஆபத்தான கட்டம் அநேகமாகக் காய்ச்சல் தணியும் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. வயிற்று நோ, தொடர்ந்த வாந்தி, சோர்வு, இரத்தக் கசிவு கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். அஸ்பிரினும் இபுபுரூபனும் கொடுக்க வேண்டாம். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்து உயிர்கள் போயின. அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. வயலில் இறங்குவோர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மருந்து கேட்டுப் பெறலாம். காய்ச்சல் வந்தால், வயலுக்குள் நின்றதைத் தவறாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

வெண்பனி அட்டையின்மேல் எங்களுக்குக் கோபமில்லை. சின்ன வயதில் அது தந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் அந்த ஒரே படத்தை எல்லோருடைய நத்தாராகவும் வைத்துக்கொண்டால், அங்கே பனிக்குள் தனித்திருப்பவரின் நோவும் தெரியாது. இங்கே வெள்ளத்துக்குள் நிற்பவரின் நோவும் தெரியாது.

ஆகையால் நூற்றாண்டுச் சபைக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, அடுத்த ஆண்டு சங்கத்தின் நத்தார் வாழ்த்து அட்டையை எங்கள் பிள்ளைகள் தாங்கள் கண்ட மார்கழியை வைத்தே வரையட்டும். குடைக்குக் கீழ் பாலன் வந்தாலும் வரட்டும். இரண்டாவது, வெளிநாட்டுக் கிளைகள் தனித்து வாழும் மூத்த அக்காமாரின் பட்டியலொன்றை வைத்து, மாரி மாதங்களில் வாரத்துக்கு ஒரு தடவையாவது அழைத்துப் பேசவேண்டும். மூன்றாவது, ஒளிவிழாவுக்கு முந்திய சனிக்கிழமை கல்லூரி வளவிலும் சுற்றுப்புறத்திலும் சிரமதானம் செய்வோம். வாளியும் விளக்குமாறும் கொண்டுவருவதற்கு எங்கள் வகுப்பினர் இப்போதே பெயர் கொடுத்துவிட்டோம்.

வெண்பனியிலும் வெயிலிலும் மழையிலும் இருக்கும் எமது சகோதரிகள் அனைவருக்கும் நத்தார், புத்தாண்டு வாழ்த்துக்கள். எங்களை ஆளாக்கிய கல்லூரி இன்னும் ஒரு நூற்றாண்டு சிறக்கட்டும்.