நாயும் கழுதையும்



பட்டாசும் சிமெண்டும் பிழைப்பாக உள்ள ஆலங்குளம் பக்கத்தில் பிரெஞ்சு சர்ரியலிசப் படம் எதற்கு என்று கேட்கலாம். நாயும் கழுதையும் வருகிற கதை இது. நமக்குச் சம்பந்தம் உண்டு.

1929இல் லூயி புனுவலும் ஓவியர் சல்வடோர் டாலியும் ‘ஆந்தலூசிய நாய்’ என்ற குறும்படத்தை எடுத்தார்கள். கத்தி கண்ணைக் கீறுவதாக ஒருவர் கண்ட கனவு, கையில் எறும்பு மொய்ப்பதாக மற்றவர் கண்ட கனவு. காரணம் சொல்லி விளக்க முடிகிற எந்தக் காட்சியும் கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. தலைப்பில் உள்ள நாய் படத்தில் இல்லை. கழுதை உண்டு. இரண்டு பெரிய பியானோக்களின்மேல் அழுகிய கழுதைப் பிணங்கள். அவற்றைக் கயிறு கட்டி ஒருவன் இழுக்க, பாதிரிமாரும் சேர்ந்து இழுபடுகிறார்கள்.

மனுவின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு ஊருக்கு வெளியே குடியிருப்பையும், சொத்தாக நாயையும் கழுதையையும் விதிக்கிறது. ஆகவே இங்கே கழுதை கனவில் வர வேண்டியதில்லை. உயிரோடு ஒரு தெருவுக்குள் நடந்தாலே போதும், அதிர்ச்சிதான்.

1977இல் ஜான் ஆபிரகாம் அதை நடக்கவிட்டார். வெங்கட் சாமிநாதன் எழுதிய ‘அக்ரஹாரத்தில் கழுதை’. தாயை இழந்த குட்டியை ஒரு பேராசிரியர் தன் அக்ரகாரத்துக்குக் கொண்டுபோகிறார். வாய் பேசாத உமா அதைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குச் செத்துப் பிறந்த குழந்தை கோயில் முன் கிடக்க, பழி கழுதைமேல் விழுகிறது. கொல்கிறார்கள். பிறகு அதற்கே கோயில் கட்டப் பேசுகிறார்கள். கொன்றுவிட்டுக் கும்பிடுவது மதுரைவீரன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. தேசிய விருது பெற்ற இந்தப் படத்தை 1989இல் ஒளிபரப்புவதாக அறிவித்த தூர்தர்ஷன் பிறகு கைவிட்டது.

எனக்கு ஒரு குறை உண்டு. படத்தில் கருணை முழுக்கப் பேராசிரியருடையது. அடிபடுகிற கழுதைக்கும் உமாவுக்கும் பேச்சே இல்லை. சேரியிலிருந்து பார்த்தால் அந்தத் தெரு எப்படித் தெரியும்? பதில் வர நாற்பது ஆண்டானது. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் (2018) தண்டவாளத்தில் கொல்லப்பட்ட கறுப்பி நீல நிறத்தில் திரும்பி வருகிறது. நீலம் ஏன் என்று இந்த அரங்கில் விளக்க வேண்டாம். ‘கர்ணன்’ படத்தில் (2021) முன்கால்கள் கட்டப்பட்ட கழுதை தத்தித் தத்தி நடக்கிறது. பிறகு கட்டு அறுக்கப்படுகிறது. மனு ஒதுக்கித் தந்த அதே இரண்டு பிராணிகள், இம்முறை அவற்றோடு வாழ்ந்தவர்களின் கதையில்.

அலுமினியப் பொடி படிந்து வெள்ளியாக மின்னும் கைகளை இந்த வட்டாரத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைக் கற்பனை செய்ய டாலி வேண்டாம். காசுக்கு வழி கேட்டால், ஜானின் ஒடேசா குழு ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் திரட்டித்தான் 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தது. உங்களுக்குக் காமிரா சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆலைக்குள் கைபேசி கூடாது, வெடிமருந்து இருக்கிற இடம். சாயங்காலம் வேன் வந்து நிற்கும் இடத்தில் நில்லுங்கள். கையைப் படமெடுக்கும் முன் அந்த அக்காவிடம் அனுமதி கேளுங்கள். எதை எடுக்க வேண்டும் என்று அவர் சொல்வதையும் பதிவு செய்யுங்கள்.