ஆசிட்டுக்குப் பத்து ஆண்டு, பெட்ரோலுக்கு ஓராண்டா?



இது தருமபுரி. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி இலக்கியம்பட்டியில் நடந்ததை இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்குப் பிறந்திராத பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதா அவர்களுக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அவருடைய கட்சிக்காரர்கள் மறியலில் இறங்கினார்கள். கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பேருந்தில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். உள்ளே பெண் பிள்ளைகள் இருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அவர்கள் கதறியது காதில் விழுந்தது. தெரிந்தும், கேட்டும் கொளுத்தினார்கள். மூன்று மாணவிகள் கருகிச் செத்தார்கள். இன்னும் பலர் தீக்காயத்தோடு பிழைத்தார்கள்.

செத்தவர்களுக்காகக் கொலை வழக்கு நடந்தது. 2007இல் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கு விதித்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டைக் காரணம் காட்டி மாநில அரசு மூவரையும் விடுதலை செய்தது. இதெல்லாம் ஊரறிந்த கதை. நான் கேட்க வந்த கேள்வி வேறு. எரிந்தும் சாகாமல் பிழைத்தவருக்கு நம் சட்டம் என்ன வைத்திருக்கிறது?

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் 118ஆவது பிரிவைப் படியுங்கள். நெருப்பால் ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தினால் அதிகபட்சம் மூன்று ஆண்டு. இருபதாயிரம் ரூபாய்க்குள் அபராதம் போட்டு அனுப்பிவிடவும் அதே பிரிவில் வழி இருக்கிறது. கொடுங்காயம் என்றால் ஆயுள் வரை தரலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குறைந்தபட்சம் எவ்வளவு? ஓராண்டு!

இப்போது 124ஆவது பிரிவுக்கு வாருங்கள். ஆசிட் வீசி ஒருவரைச் சிதைத்தால் குறைந்தபட்சம் பத்து ஆண்டு. அபராதம் மருத்துவச் செலவுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். அந்தப் பணம் பாதிக்கப்பட்டவர் கைக்குப் போக வேண்டும். வீசிய ஆசிட் மேலே படாமல் போனாலும் குறைந்தபட்சம் ஐந்து ஆண்டு. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் கட்டளையிடுகிறது.

இது சும்மா கிடைத்ததல்ல, தோழர்களே. முகம் சிதைந்த பெண்கள் முகத்தை மூடிக்கொள்ளாமல் தெருவுக்கு வந்து வாங்கிய சட்டம் இது. ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி அகர்வால் 2006இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 2013இல் சட்டம் மாறியது. அந்தப் பெண்களை வணங்கி அவர்கள் காட்டிய வழியிலேயே கேட்கிறேன். ஆசிட் தின்ற தோலும் பெட்ரோல் தின்ற தோலும் வேறு வேறா? கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள். தொடையில் தோலை எடுத்துக் கழுத்தில் ஒட்டுகிறார்கள். ஆறிய தோல் சுருங்கிக் கழுத்தை மார்போடு இழுத்துக் கட்டுகிறது. விரல்கள் ஒட்டிக்கொள்கின்றன. மறுபடி அறுவை, மறுபடி ஒட்டு. கூலி வேலைக்குப் போன கை சோற்றைப் பிசையவும் ஆகாமல் கிடக்கிறது. தீயில் வெந்த இவருக்கு மட்டும் இலவசச் சிகிச்சைக்குச் சட்டக் கட்டளை கிடையாது; குறைந்தபட்சத் தண்டனை ஓராண்டு. இது என்ன நீதி?

இன்னொன்றையும் கேளுங்கள். 1984ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டப்படி, அரசுப் பேருந்துக்குத் தீ வைத்தால் பத்து ஆண்டு வரை சிறை. அதே தீயில் உள்ளே இருந்தவர் கை வெந்து, அது சாதாரணக் காயம் என்று எழுதப்பட்டால் மூன்று ஆண்டு வரைதான். பேருந்தின் சீட்டுக்குப் பத்து, அதில் உட்கார்ந்திருந்த மனிதனுக்கு மூன்று!

வீட்டையோ, கோயிலையோ, கிடங்கையோ கொளுத்தினால் ஆயுள் வரை தரலாம் என்கிறது 326ஆவது பிரிவு. கப்பலைக் கொளுத்தினாலும் ஆயுள் வரை தரலாம் என்று வெள்ளைக்காரன் 1860இலேயே எழுதிவைத்தான். 2023இல் புதுச் சட்டம் எழுதியவர்கள் அந்த இடத்தில் ரயிலைச் சேர்த்தார்கள், விமானத்தைச் சேர்த்தார்கள். பேருந்தைச் சேர்க்கவில்லை! தருமபுரி எரிந்து இருபத்து மூன்று ஆண்டு கழித்தும் பேருந்து என்ற ஒரு சொல் அவர்கள் பேனாவுக்கு வரவில்லை. நம் ஏழை எளியவர்கள் விமானத்திலா போகிறார்கள்?

"கொலை முயற்சி என்று வழக்குப் போடலாமே, தனிப்பிரிவு எதற்கு?" என்று கேட்கிறார்கள். போடலாம். கொல்லும் எண்ணமோ, சாவு நேரும் என்ற அறிவோ இருந்தது என்று நிரூபிக்கவும் வேண்டும். வண்டியைத்தான் கொளுத்தினோம், ஆளை நினைக்கவில்லை என்று சொல்லித் தப்பப் பார்ப்பார்கள். ஆசிட் வழக்கில் கொல்லும் எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை. காயம் வரும் என்று தெரிந்திருந்தால் போதும். அதே அளவுகோலைத் தீக்கும் வையுங்கள்.

"தண்டனையைக் கூட்டினால் மட்டும் போதுமா, வழக்கு நிற்க வேண்டாமா?" என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட பாவத்துக்கு 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்தன. கீழ் நீதிமன்றம் பண்ணையாருக்குப் பத்து ஆண்டு கொடுத்தது. உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. மதுரையில் 2007 மே 9 அன்று தினகரன் நாளிதழ் அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். மூன்று ஊழியர்கள் மாண்டார்கள். விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விட்டது. 2019இல்தான் உயர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை தந்தது. பன்னிரண்டு ஆண்டு! தீக்காயம் பட்டவர் நீதிக்காக அத்தனை காலம் காத்திருக்க முடியுமா? ஆகவே கடுமையும் வேண்டும், வேகமும் வேண்டும். நாங்கள் தூக்குக் கேட்கவில்லை. கட்டாயம் கிடைக்கும் தண்டனையைக் கேட்கிறோம்.

வெண்மணி எரிந்து இருபத்தொரு ஆண்டு கழித்து, 1989இல், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. தலித் மக்களின் வீட்டைக் கொளுத்தினால் ஆயுள் தண்டனை என்று அதில் எழுதினார்கள். தலித் வீட்டுக்கு அந்தக் காவலை எழுத முடிந்த நாடாளுமன்றத்துக்கு, எரிந்த உடம்புக்கு எழுதத் தெரியாதா?

நம் கோரிக்கை ஐந்து. நெருப்பால் கொடுங்காயம் செய்தால் ஆசிட் வீச்சைப் போலவே குறைந்தபட்சம் பத்து ஆண்டு. ஆள் இருக்கும் வாகனத்துக்குத் தீ வைப்பது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமமான குற்றம். எந்த மருத்துவமனையிலும் இலவசச் சிகிச்சை. அபராதம் முழுதும் பாதிக்கப்பட்டவருக்கே. தண்டனைக் குறைப்புக்கு முன்னால் பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கேட்டாக வேண்டும். எந்தத் தலைவரின் நூற்றாண்டும் அதற்குக் குறுக்கே வரக்கூடாது.

"டெல்லிதான் செய்ய வேண்டும்" என்று கைகாட்டுவார்கள், நம்பாதீர்கள். குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி நம் சட்டமன்றமே 2025 ஜனவரியில் மசோதா நிறைவேற்றியது. அன்று முடிந்தது இன்றும் முடியும்.

இந்தக் கோரிக்கைகளை ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள். தூக்கிய கையோடு ஊருக்குப் போங்கள். மறியல் என்ற பெயரில் எந்தக் கட்சிக்காரன் பெட்ரோல் கேனைத் தூக்கினாலும், அவன் நம் கட்சிக்காரனாகவே இருந்தாலும், முதலில் தடுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பேருந்தையும் அதற்குள் இருக்கும் மனிதனையும் சட்டத்தில் எழுதுவீர்களா, மாட்டீர்களா? எழுதுவேன் என்பவருக்கே நம் ஓட்டு!