மழைக்குக் காத்திருக்க வேண்டாம்

(ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா என்றால் உழைப்பைப் பற்றியும் உயர்வைப் பற்றியும் பேசுவது வழக்கம். அதைப் பேச இந்த மேடையில் என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு சின்ன விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். அன்றாட வாழ்க்கையில் வந்துபோகும் சின்னச் சின்ன மகிழ்ச்சிகளும், அவற்றுக்கு நாம் ஒதுக்காத நேரமும்தான் அந்த விஷயம்.

இவ்வாண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு, ‘என் வாழ்வில் மகிழ்ச்சியான நாள்’ என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். பலர் தீபாவளியைப் பற்றி எழுதினார்கள். சிலர் பிறந்தநாள், கெந்திங் மலைக்குப் போனது என்று எழுதினார்கள். ஒரு மாணவன் மட்டும் மின்சாரம் தடைப்பட்ட ஓர் இரவைப் பற்றி எழுதியிருந்தான். அன்று தொலைக்காட்சி ஓடவில்லை. அப்பாவின் கைப்பேசியும் அணைந்துவிட்டது. புழுக்கம் தாங்காமல் எல்லாரும் அஞ்சடியில் பாய் விரித்து உட்கார்ந்தார்களாம். அப்பா சின்ன வயதில் கால்வாயில் கெண்டை பிடித்த கதையைச் சொன்னாராம். கடைசி வரிகளை அவன் இப்படி எழுதியிருந்தான்: “திடீரென்று விளக்கு எரிந்தது. அம்மா கை தட்டினார். எனக்கு அழுகை வந்தது.”

சிவப்புப் பேனாவைத் திறந்து, ‘தலைப்புக்குப் பொருந்தவில்லை’ என்று எழுதப் போனேன். கை ஓடவில்லை. ஏனென்றால் அந்தப் பையன் எழுதியிருந்தது என் கதை.

நான் பால்மரம் வெட்டியவரின் மகள். 1990-களில் எங்கள் லயத்தில் விடியற்காலை நாலு மணிக்கே அடுப்பு எரியும். நாங்கள் கண் விழிக்கும்போது அப்பா பெரட்டுக்குப் போய்விட்டிருப்பார். ‘அவ்வளவு சீக்கிரம் ஏன் போக வேண்டும்?’ என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் மரத்துக்குள் நீரின் அழுத்தம் நிறைந்திருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். நேரம் ஆக ஆகப் பால் குறைந்துவிடும். 1877-இல் நம் பேராக்கின் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். பிறகு தோட்டங்கள் பெருகின. மரத்தின் நேரம்தான் நம் முன்னோர்களின் கடிகாரம் ஆயிற்று. பகலில் பால் நிறுத்துவிட்டு வந்ததும் அப்பா அசந்து தூங்குவார். சாயங்காலம் புல் வெட்டப் போவார். நான் அதிகம் பார்த்தது, தூங்குகிற அப்பாவைத்தான்.

மழை பெய்த நாள் மட்டும் வேறு மாதிரி இருக்கும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாது. பட்டை மேலெல்லாம் வழிந்து வீணாகும். மங்கில் மழைத் தண்ணீர்தான் நிற்கும். ஆகவே அன்று வெட்டு இல்லை. அம்மா மரவள்ளிக்கிழங்கு அவித்து, நெத்திலிச் சம்பல் கிண்டுவார். வரக்கோப்பி மணக்கும். அப்பா ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடு ஏறியதும் எங்கள் முழங்காலில் வைப்பார். நாங்கள் ‘ஐயோ!’ என்று கத்திக்கொண்டு ஓடுவோம். ரப்பர் இலையை நாள் கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டுப் பச்சையைக் கழுவி எடுத்தால் நரம்பு மட்டும் வலைபோல் நிற்கும். அதை எனக்குச் செய்து காட்டியவரும் அவர்தான்.

ஒரு நாள் இரவு சாமிப் படத்துக்கு முன்னால் நின்று, “சாமி, நாளைக்கும் மழை பெய்யணும்” என்று உரக்கவே வேண்டிக்கொண்டேன். அம்மா கேட்டுவிட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அரிசி டின்னைத் திறந்து காட்டினார். “அப்படிக் கேக்காதடி கண்ணு. மழை பெஞ்சா ஒனக்கு அப்பா கெடைப்பாரு. கடைக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றார். வெட்டு இல்லாத நாளுக்குக் கூலி இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு நான் மழை கேட்கவில்லை.

பெரியோர்களே, வறுமையை இனிமை என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் காலம் திரும்பி வரவே வேண்டாம். இன்று இந்தப் பக்கம் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் விடியலுக்கு முன்னால் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் பிறைக்கும், 1972-இல் தடையற்ற வாணிப வட்டாரமான பாயான் லெப்பாசுக்கும் போகிறார்கள். வீட்டில் அரிசி இருக்கிறது. பிள்ளைக்கு நல்ல சப்பாத்து இருக்கிறது. ஆனால் நான் மழைக்குக் காத்திருந்ததைப் போல, என் மாணவன் மின்சாரத் தடைக்குக் காத்திருக்கிறான். என்னை உறுத்துவது இதுதான்.

“நேரம் எங்க டீச்சர் இருக்கு?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. நேரம் என்பது தொழிலாளிக்குச் சும்மா கிடைத்ததில்லை. 1886-ஆம் ஆண்டு மே மாதம் சிக்காகோ நகரத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடினார்கள். உயிர்களும் போயின. 1923-இல் சென்னையில் சிங்காரவேலர் மே தினத்தைக் கொண்டாடினார். இந்தியாவிலேயே அதுதான் முதல் மே தினக் கொண்டாட்டம். நம் நாட்டிலும் 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு, வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 48 மணியாக இருந்த வேலை நேரம் 45 மணியாகக் குறைந்தது. பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு ஏழு நாள் விடுப்பும் சட்டத்தில் வந்தது.

மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். ஏழு நாளுக்குப் பங்கு போட்டால் நாளொன்றுக்கு 25 நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். அந்த 25 நிமிடம் நம் வீட்டுக்குள் வந்து சேர்ந்ததா? பலருக்கு மிகைநேர வேலை அதை எடுத்துக்கொண்டது. வீட்டுக் கடனும் கார்க் கடனும் இருக்கும்போது நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிலருக்கு அது கைப்பேசியின் கண்ணாடிக்குள் போய்விட்டது. அதைத்தான் திரும்பக் கேட்கலாம் என்கிறேன்.

மரம் வெட்டத் தெரிந்த பெரியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கனம் பட்டைதான் போக வேண்டும். ஒரே நாளில் நிறையப் பால் எடுக்கலாம் என்று ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம் விழும், மண்டோர் ஏசுவார். மெல்லிசாகச் சீவி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வும் கொடுத்தால், மரம் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் கொடுக்கும். நாமோ வருடம் முழுவதும் பிள்ளையோடு உட்காராமல் இருந்துவிட்டு, தீபாவளிக்கு ஒரே நாளில் ஆயிரம் வெள்ளி செலவழித்து ஈடுகட்டப் பார்க்கிறோம். அது ஆழமான வெட்டு. பிள்ளைக்குத் தினமும் ஒரு மெல்லிய சீவல் போதும்.

இதற்குப் பணம் வேண்டாம். நம் பாரிட் புந்தாரைச் சுற்றிப் பாருங்கள். 1906-இல் முடிந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால்கள் இன்றும் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருகின்றன. நாற்று பச்சையாக நிற்கும் மாதமும் கதிர் பொன்னாகச் சாயும் மாதமும் நம் கண்ணெதிரே வந்துபோகின்றன. வெளியூரார் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். நாம் அதே சடக்கில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை விரட்டுகிறோம். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்காக இரண்டு நிமிடம் வண்டியை ஓரம் கட்டிக் கொக்குகளை எண்ணச் சொல்லுங்கள்.

என் வகுப்பில் இப்போது ‘ஒரு வரி ஏடு’ என்று ஒன்று வைத்திருக்கிறேன். அன்று கண்ட ஒரு சின்ன மகிழ்ச்சியை ஒரே வரியில் எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது. பிள்ளைகள் எழுதியதில் சிலவற்றைப் படிக்கிறேன்: “பாட்டி என் தட்டிலிருந்து அப்பளத்தைத் திருடினார்.” “தம்பிக்குப் பல் விழுந்தது, கூரை மேல் எறிந்தோம்.” “ரயில் ஓட்டுநர் எனக்குக் கை காட்டினார்.” “அப்பா இன்று தூங்கவில்லை.” இந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு, அன்று என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

நான் மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. நானும் ஏடுகளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் இரவு பத்து மணி வரைக்கும் திருத்துகிறவள்தான். என் மகள் ஒரு நாள், “அம்மா, நான் உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளையா இருந்திருந்தா நல்லா இருக்கும்” என்றாள். அன்று ஏட்டை மூடி வைத்தேன். அந்த ஏடுகள் மறுநாள் திருத்தப்பட்டன. உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

மாணவச் செல்வங்களே! யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டே நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தப் பயம் பல வீடுகளில் இன்னும் குடியிருக்கிறது. படிப்பு வேண்டும், நன்றாகப் படியுங்கள். இன்று பரிசு வாங்கும் உங்களை மனமார வாழ்த்துகிறேன். பரிசு வாங்காத பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன்: வள்ளுவர் மக்கட்பேறு என்று ஓர் அதிகாரம் வைத்தார். அவையிலே முந்தி இருக்கும் பிள்ளையை அதில் பேசினார். கூழைக் கையால் துழாவும் சின்னப் பிள்ளையையும் அதே அதிகாரத்தில் பேசினார். உங்கள் அப்பா அம்மாவுக்கு நீங்கள் இருப்பதே மகிழ்ச்சி. அதைச் சொல்ல அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

என் அப்பா இப்போது இல்லை. அவர் செய்து கொடுத்த ஓர் இலை நரம்பு என் பயிற்சிக் கல்லூரிப் புத்தகத்துக்குள் இன்னும் இருக்கிறது. அவர் எனக்காக உழைத்த உழைப்பை நான் அறிவேன். அதற்குத் தலை வணங்குகிறேன். ஆனால் நினைத்தவுடன் கண்ணில் வருவது, மழை நாளில் கொட்டையைத் தேய்த்துக்கொண்டு சிரித்த முகம்தான்.

அந்த மாணவனின் கட்டுரையில் கடைசியாக என்ன எழுதினேன் என்று சொல்லவில்லையே. ‘மிக நன்று. இதை அப்பாவிடம் படித்துக் காட்டு’ என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்து, இரவு வேலை முடித்த களைப்போடு அவன் அப்பா பள்ளி வாசலில் நின்றார். ஏதோ குறை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: “டீச்சர், இப்பெல்லாம் ஞாயித்துக்கிழமை ராத்திரி ஐஸ் பெட்டியைத் தவிர மத்த எல்லாத்தையும் நாங்களே அடைச்சிட்டு அஞ்சடியில உக்காந்துடறோம். கதைதான் தீர்ந்துபோச்சு. நூல் நிலையத்துல ஏதாவது கதைப் புத்தகம் இருந்தா குடுங்க.”

கொடுத்தேன். உங்களுக்கும் வேண்டுமானால் வந்து கேளுங்கள். நூல் நிலையம் திறந்தே இருக்கும்.